எட்டாத தூரமும் லென்ஸின் இருக்கையும்



இதே பள்ளியில் நான் படித்த நாட்களில், பேசின் பிரிட்ஜிலிருந்து வருகிற எங்களை மற்றப் பிள்ளைகள் "இன்ஜின் வீட்டுப் பெண்கள்" என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. என் தந்தையார் உண்மையிலேயே ரயில் இன்ஜின் டிரைவர். சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டிகள் எங்கள் வீட்டு ஜன்னலை அதிரவைத்துக்கொண்டு போகும். எந்த நேரத்து வண்டி என்று சத்தத்தைக் கொண்டே அம்மா சொல்லிவிடுவார்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு 'ஆக்ஃபா கிளிக் 3' காமிரா இருந்தது. பரோடாவில் தயாரான எளிய கருவி அது. உங்கள் பாட்டி வீட்டுப் பரணில் தேடினால் இன்றும் ஒன்று கிடைக்கக்கூடும். ஒரு விடுமுறை நாளில் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் நடைபாலத்தின் மேல் நின்று, அப்பா ஓட்டி வருகிற வண்டியைப் படம் பிடித்தேன். பிலிம் கழுவி வந்தது. தண்டவாளங்கள் இருந்தன, சிக்னல் கம்பங்கள் இருந்தன, வானம் தாராளமாக இருந்தது. இன்ஜின் ஒரு கடுகளவு! அப்பாவைத் தேடப் பூதக்கண்ணாடி எடுத்தும் பயனில்லை. கண்ணால் அத்தனை நன்றாகப் பார்த்தேனே, காமிரா ஏன் பார்க்கவில்லை? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போன கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் பிலிமைப் பற்றிச் சிறிது. பெரும்பாலான வீட்டுக் காமிராக்களில் போட்டது 35 மி.மீ. அகலமுள்ள பிலிம், அதில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ. 'கிளிக்' காமிராவில் போடுவதோ '120' என்ற எண்ணுள்ள அகன்ற பிலிம், பின்புறம் காகிதம் ஒட்டிச் சுருட்டியது. நம் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இயங்கிய வரையில், 'இந்து' என்ற பெயரில் இவ்வகைப் பிலிம் நம் மாநிலத்திலேயே உருவாயிற்று. இந்தச் சுருளில் 6க்கு 6 சென்டிமீட்டர் சதுரமாக 12 படங்கள் எடுக்கலாம். 6க்கு 4.5 என்று குறுக்கினால் 15 அல்லது 16. 6க்கு 7 என்று நீட்டினால் 10. இந்த அளவுகளையெல்லாம் சேர்த்து 'மீடியம் பார்மட்' என்பார்கள், அதாவது நடுத்தர அளவு. படம் பெரிதாக இருப்பதால் நுணுக்கம் கெடாமல் பெரிதாக்கிக்கொள்ளலாம். கலியாண வீடுகளில் போட்டோகிராபர்கள் தோளில் கனமான காமிராவைச் சுமந்து திரிந்தது அதற்காகத்தான்.

இனி என் கேள்விக்கு வருவோம். பௌதிகப் பாடத்தில் குவியத் தூரம் என்று படிக்கிறீர்கள் அல்லவா? வெகு தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் லென்ஸுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் தெளிவாக விழுகிறதோ, அதுவே குவியத் தூரம். பிம்பத்தின் அளவைக் கணக்கிடுவது மிக எளிது. பொருளின் உயரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கிப் பொருள் இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். இன்ஜினின் உயரம் 4 மீட்டர், அது நிற்பது 200 மீட்டருக்கு அப்பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கிளிக்' காமிராவின் லென்ஸ் ஏறக்குறைய 70 மி.மீ. பெருக்கி வகுத்துப் பாருங்கள்: பிலிமில் இன்ஜினின் உயரம் 1.4 மி.மீ. கடுகு என்று சும்மா சொல்லவில்லை! அதற்குள் ஒரு முகம் எங்கே தெரியும்?

ஆக, பிம்பம் பெரிதாக வேண்டுமானால் வழி இரண்டுதான். ஒன்று, நாம் பக்கத்தில் போவது. செலவில்லாத வழி அது. ஆனால் தண்டவாளத்துக்குள் இறங்க முடியாது; எண்ணூர்க் கழிமுகத்தில் நிற்கும் நாரையை நெருங்கினால் அது பறந்துவிடும். மற்றொன்று, குவியத் தூரம் நீண்ட லென்ஸைப் போடுவது. அதற்குத்தான் டெலிபோட்டோ லென்ஸ்.

குவியத் தூரம் 300 மி.மீ. என்றால் லென்ஸும் பிலிமிலிருந்து 300 மி.மீ. தள்ளி ஒரு முழக் குழாயாக நீட்டிக்கொண்டு நிற்க வேண்டுமே என்று கேட்பீர்கள். எளிய லென்ஸில் அப்படித்தான். 1891-இல் இங்கிலாந்தின் டால்மேயர் என்பவர் காப்புரிமை பெற்ற உபாயம் அந்தக் குழாயைக் குறுக்கியது. முன்னால் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் தொகுதி, பின்னால் அதைச் சற்றே விரிக்கும் தொகுதி. இரண்டும் சேர்ந்து, நீண்ட குவியத் தூரத்தின் வேலையைக் குட்டையான குழாய்க்குள்ளேயே முடித்துவிடுகின்றன. கறாராகப் பார்த்தால் அவ்வகை லென்ஸுக்குத்தான் டெலிபோட்டோ என்ற பெயர் பொருந்தும். நாம் பேச்சு வழக்கில் நீண்ட லென்ஸ் எல்லாவற்றையும் அப்படியே அழைக்கிறோம். அதனால் குடி மூழ்கிவிடாது.

மீடியம் பார்மட்டில் வாங்கப் போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 35 மி.மீ. காமிராவில் 135 மி.மீ. லென்ஸ் போட்டுப் பழகியவர், "150 வாங்கினால் அதைவிடக் கிட்டே இழுக்கும்" என்று நினைப்பார். இழுக்காது. 6க்கு 6 படத்தின் உண்மையான அளவு 56 மி.மீ. சதுரம், அதன் மூலைவிட்டம் சுமார் 79 மி.மீ. ஆகவே அங்கே 80 மி.மீ. லென்ஸ்தான் சாதாரண லென்ஸ். 35 மி.மீ. காமிராவின் கணக்குக்கு மாற்ற வேண்டுமானால், ஏறத்தாழப் பாதியைவிடக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளலாம். 150 என்பது அங்கே 80 போல. 180 என்பது 100 போல. 250 என்பது 135 போல. ஆனால் பிலிமில் விழும் பிம்பத்தின் அளவு எந்தக் காமிராவானாலும் ஒன்றேதான். 250 மி.மீ. லென்ஸ் அதே இன்ஜினை இரண்டு பிலிமிலும் ஒரே உயரத்தில்தான் வரையும். பெரிய பிலிமில் சுற்றுப்புறம் கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவே.

250 மி.மீ. என்றதும் ஒரு படம் நினைவுக்கு வருகிறது. 1968 டிசம்பர் 24, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள். அப்பல்லோ 8 விண்கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தது. சந்திரனின் விளிம்புக்கு மேலே நமது பூமி நீலமாக எழுவதைக் கண்ட வில்லியம் ஆண்டர்ஸ் என்ற வீரர், சுவீடன் நாட்டு ஹாஸல்பிளாட் காமிராவில் 250 மி.மீ. லென்ஸைக் கொண்டு அதைப் படம் பிடித்தார். பாடப் புத்தகங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாதாரண 80 மி.மீ. லென்ஸாக இருந்திருந்தால் பூமியின் பிம்பம் மூன்றில் ஒரு பங்குதான் இருந்திருக்கும். என்னுடைய கடுகு இன்ஜினும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான்.

சரி, படித்து முடித்து வேலைக்குப் போனேன். இரண்டு வருடச் சேமிப்பில், பழைய 'பென்டகான் சிக்ஸ்' ஒன்றை வாங்கினேன். கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தபோது அங்கே செய்த காமிரா. அந்த நாட்டோடு நமக்கு ரூபாயிலேயே வியாபாரம் நடந்ததால், அங்கிருந்து வந்த 'ஓர்வோ' பிலிமும் காமிராவும் நம் ஊரில் கிடைத்தன. அதற்கேற்ற 180 மி.மீ. 'ஸோனார்' லென்ஸ் பேர்போனது. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களுக்காகப் பிறந்த வடிவத்தின் வழிவந்தது. ஒரு கிலோவுக்கு மேல் கனம். விலையைக் கேட்டு அன்றைக்குத் திரும்பிவிட்டேன்.

1986-இல் அப்பா ஓய்வு பெற்றார். கடைசி நாளில் அவர் கூடூரிலிருந்து ஓட்டி வருவது ஒரு பாசஞ்சர் வண்டி. இன்ஜினுக்கு மாலை போடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். இம்முறை கடுகாக விடக்கூடாது என்ற வைராக்கியத்தில், துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் மலிவாக ஒரு 150 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். அது ஜப்பான் மாமியா கம்பெனி தன் 6க்கு 4.5 காமிராவுக்கென்று செய்தது. பின்புறத்தில் யாரோ லேத்தில் கடைந்த வளையம் மாட்டி, பென்டகானில் உட்காரும்படி செய்திருந்தார்கள். கடைக்காரர் மாட்டிக் காட்டினார். கிச்சென்று பொருந்திற்று. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற அவருடைய முகத்தைப் பார்த்தேன். மீசை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஸ்டேஷனில் அனுமதி கேட்டுக்கொண்டு நடைபாலத்தில் போய் நின்றேன். கனத்துக்குப் பயந்து 80 மி.மீ. லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். கொருக்குப்பேட்டைப் பக்கம் வண்டியின் தலை தெரிந்தது. லென்ஸின் வளையத்தைத் திருப்பினேன். கண்ணாடியில் எல்லாம் புகை. கோடியில் இருக்கும் 'எல்லையற்ற தூரம்' என்ற குறி வரைக்கும் திருப்பினேன், அப்போதும் புகை. வண்டி கிட்டே வர வர மஞ்சளும் சிவப்புமாக ஏதோ அசைந்தது. அது மாலையாக இருக்க வேண்டும். பன்னிரண்டு படங்களையும் எடுத்துத் தீர்த்தேன். அப்பா தலையை வெளியே நீட்டி மேலே பார்த்துக் கையசைத்தார். அதைக் கண்ணால் பார்த்தேன். பிலிமில் வெறும் புகைதான் இருந்தது.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அப்பா சொன்னார்: "விடும்மா. உன் மிஷின் என்னைப் பார்க்கலேன்னா என்ன? பாலத்து மேல நீ நின்னதை நான் பார்த்துட்டேன் இல்ல?"

அடுத்த வாரம் அந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு நம் பள்ளியின் பௌதிகச் சிஸ்டரிடம் வந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆய்வுக்கூடத்து அலமாரியிலிருந்து லென்ஸ் ஸ்டாண்டையும் மெழுகுவர்த்தியையும் திரையையும் எடுத்து வைத்தார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தென்னை மரத்தின் பிம்பம் திரையில் தலைகீழாகத் தெளிவாக விழும்படி லென்ஸை நிறுத்தினார். "இப்போது லென்ஸைத் திரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்த்து" என்றார். நகர்த்தினேன். தென்னை மரம் கலங்கிவிட்டது. மெழுகுவர்த்தியை ஏற்றிக் கிட்டே கொண்டு வந்தபோது அதன் சுடர் மட்டும் பளிச்சென்று திரையில் நின்றது. "உன் லென்ஸில் கோளாறு இல்லை. அது உட்கார்ந்த நாற்காலிதான் தப்பு" என்றார் சிஸ்டர்.

அந்த நாற்காலியைத்தான் 'லென்ஸ் மவுண்ட்' என்கிறோம். லென்ஸைக் காமிராவின் வாயில் மாட்டும் பூட்டு அது. சிலவற்றில் ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைப் போலத் திருகு மரை இருக்கும். ஹாஸல்பிளாட், மாமியா போன்றவற்றில் நம் வீட்டு பல்பை ஹோல்டரில் நுழைத்துத் திருப்பிப் பூட்டுவது போன்ற அமைப்பு. அதற்கு பயனெட் என்று பெயர். பென்டகானில் லென்ஸ் திரும்பாது. அதை நேராக வைத்து, வெளியிலுள்ள வளையத்தைத் திருகி இறுக்க வேண்டும். தண்ணீர்க் குழாயில் பிளம்பர் யூனியன் நட்டை இறுக்குவாரே, அது போல.

பூட்டின் உருவம் மட்டுமல்ல, பூட்டின் முகத்திலிருந்து பிலிம் வரை உள்ள தூரமும் ஒவ்வொரு காமிராவுக்கும் கண்டிப்பாக வகுக்கப்பட்டது. என் போன்ற ரயில்வே குடும்பத்தாருக்கு இது சுலபமாகப் புரியும். அந்நாட்களில் சென்ட்ரலில் அகலப் பாதை, எழும்பூரில் மீட்டர் பாதை. பெட்டி எத்தனை நல்ல பெட்டியாக இருந்தாலும் எழும்பூர்ப் பெட்டி எங்கள் பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்தில் ஓடாது. இங்கும் அப்படித்தான். பென்டகான் சிக்ஸில் அந்தத் தூரம் 74.1 மி.மீ. ஹாஸல்பிளாட்டின் பழைய வரிசையில் 74.9. மாமியா 645-இல் 63.3. பென்டாக்ஸ் 67-இல் ஏறக்குறைய 85. சிறிய பிலிம் காமிராவான நிக்கானில் 46.5.

என் லென்ஸ் பிலிமிலிருந்து 63.3 மி.மீ.யில் உட்காரப் பிறந்தது. அதை 74.1-இல் உட்காரவைத்தார்கள். ஏறத்தாழ 11 மி.மீ. முன்னால் தள்ளிப்போயிற்று. சிஸ்டர் கரும்பலகையில் கணக்குப் போட்டார். 150 மி.மீ. லென்ஸ் அவ்வளவு முன்னால் போனால், அது தெளிவாகப் பார்க்கக்கூடிய மிக அதிகத் தூரம் ஏழு அடி சொச்சம். அதற்கு அப்பால் உலகமே புகை. கடைக்காரரின் மீசை ஆறடிக்குள் இருந்தது. அப்பாவோ நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தார்.

இதிலிருந்து பிறக்கும் விதியை மட்டும் மனத்தில் வையுங்கள். பெரிய தூரத்துக்கென்று செய்த லென்ஸைச் சிறிய தூரமுள்ள காமிராவில் மாட்டலாம். மிச்சமிருக்கும் இடைவெளியை ஒரு வளையத்தால் நிரப்பினால் போதும். பென்டகான் லென்ஸை நிக்கானில் போட 27.6 மி.மீ. இடம் இருக்கிறதே! இதைத் திருப்பிச் செய்ய முடியாது. இல்லாத இடத்தை எந்த லேத்தும் கடைந்து தர முடியாது. இன்று வரும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் காமிராக்களில் இந்தத் தூரம் மிகவும் குறைவு. ஃப்யூஜியின் மீடியம் பார்மட் காமிராவில் 26.7 மி.மீ.தான். ஆகையால் பரணில் கிடந்த பழைய லென்ஸ்களுக்கெல்லாம் மறுபடி வேலை வந்திருக்கிறது.

பொருந்தாத உறுப்புகளைப் பொருத்தி வெற்றி கண்டவரும் நம் சென்னையிலேயே இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), மயிலாப்பூர்வாசி, காட்டு விலங்குகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். கறுப்பு வெள்ளைப் படங்களே எடுத்தவர். ஒரு காமிராவின் உடலையும் வேறொன்றின் டெலி லென்ஸையும் இன்னும் பல உதிரிகளையும் தாமே சேர்த்துக் கட்டி, அந்தக் கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று விளையாட்டாகப் பெயரும் வைத்திருந்தார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான இ.பி. ஜீ அதைப் பார்த்துத் திகைத்துப்போய் எழுதியிருக்கிறார். அந்தக் கருவியோடு காடு காடாகத் திரிந்து எடுத்த யானைகளின் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. எதை எதோடு எத்தனை தூரத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஒட்டவைத்துத் தந்தவருக்குத் தெரியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கடையில் லென்ஸை மாட்டியதும் வாசலுக்கு வந்து, தெருக்கோடியிலுள்ள விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். அது தெளிவாகத் தெரிந்தால் மேற்கொண்டு பேசலாம். ஷட்டர் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். ஹாஸல்பிளாட் 500 வரிசையில் அது ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் இருக்கிறது. ஆகவே எந்த வேகத்திலும் பிளாஷ் போடலாம், ஆனால் ஒவ்வொரு லென்ஸுக்கும் விலை கூடும். பென்டகானில் ஷட்டர் காமிராவின் உடலில் இருப்பதால் லென்ஸ் மலிவு. பிளாஷ் குறைந்த வேகங்களில் மட்டுமே ஒத்துவரும். கலியாணப் போட்டோகிராபர்கள் வைத்திருந்த மாமியா சி வரிசை இரட்டைக் கண் காமிராவில் பார்க்கும் லென்ஸையும் எடுக்கும் லென்ஸையும் ஜோடியாகவே கழற்றி மாற்ற வேண்டும்; 135, 180, 250 என்று ஜோடிகள் உண்டு.

எந்த நீளம் என்றால், முகம் எடுக்க 150 அல்லது 180 தாராளம். ஆற்றுக்கு அக்கரை, மைதானத்துக்கு அந்தப் பக்கம் என்றால் 250 அல்லது 300. அதற்கு மேல் போக ஆசைப்படாதீர்கள் என்பேன். நீளம் கூடக் கூட நடுக்கமும் கூடும். 250 மி.மீ. என்றால் வினாடியில் 250-இல் ஒரு பங்குக்கு மேல் ஷட்டரைத் திறந்துவைக்கக் கூடாது என்பது கையில் பிடிப்பவர்களின் கணக்கு. கனமான மீடியம் பார்மட்டில் அதுவும் போதாது, முக்காலி வேண்டும். முக்காலி வைத்தாலும் எங்கள் நடைபாலம் வண்டி வரும்போது தானே ஆடும்! நடுப்பகலில் தண்டவாளத்தின் மேல் காற்று கானல் போல நெளிவதையும் நீண்ட லென்ஸ் பெரிதாக்கிக் காட்டும். காலை ஏழு மணி உத்தமம்.

இன்னொன்று, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு. கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் பிடிக்கும். தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டி வைப்பதைப் போல் கெடுதல் வேறில்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

அந்த மாமியா லென்ஸை நான் விற்கவில்லை. எப்படி விற்பது? வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லவேண்டுமே. அலமாரியில் கிடந்தது. ஓய்வு பெற்ற அப்பா தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வண்டி போகும் சத்தம் கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்; சரியான நேரமா, தாமதமா என்று. ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்தபடி, அந்த லென்ஸை மாட்டி அவரைப் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் இடையே ஆறடி. கண் ஓரத்துச் சுருக்கங்களும், வருஷக்கணக்காக இன்ஜினில் நின்றதில் கறுத்துப்போன நெற்றியும், கடிகாரத்தின் முள்ளும் துல்லியமாகத் தெரிந்தன. ஒரே படம்தான் எடுத்தேன்.

இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம். நான்கு மூலைகளும் லேசாக இருண்டிருக்கும். ஸ்டூடியோவில் செய்த வேலைப்பாடா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். 6க்கு 4.5-க்கென்று செய்த லென்ஸின் ஒளி வட்டம், 6க்கு 6 சதுரத்தின் மூலை வரை எட்டவில்லை.